எஸ்எஸ்டி செத்துப்போச்சு என்று சொல்லி 430 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிய கடை

கோலாலம்பூரில், குறிப்பாக பிரிக்ஃபீல்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் லேப்டாப் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது, இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

முதலில் என் தப்பு. என் லேப்டாப்பில் விண்டோஸ் 10, உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) இரண்டும் இருந்தன. 22.04க்கு 2027 வரை ஆதரவு உண்டு, ஒரு அவசரமும் இல்லை, ஆனாலும் ஒரு சனிக்கிழமை ராத்திரி கை சும்மா இருக்காமல் 24.04க்கு அப்கிரேட் கொடுத்துவிட்டேன். கிட்டத்தட்ட எல்லாம் முடிந்து, கணினியைக் கிளப்பிவிடுகிற க்ரப் என்ற சின்ன நிரலைப் பதிக்கும் இடத்தில் வந்து நின்றது. அந்தத் தொகுப்பைப் பதிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. கைப்பேசியில் படம் எடுத்தேன், முழுசாகப் படிக்கவில்லை, தூக்கக் கலக்கத்தில் ஓகே அழுத்தி ரீஸ்டார்ட் செய்தேன். அவ்வளவுதான். லோகோ வரும், இரண்டு வரி ஏதோ மின்னி மறையும், மறுபடி லோகோ.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். நாலு வருடமாகச் சேர்த்த பயிற்சித் தாள்கள் அதில்தான். பேக்கப் இருந்தது, ஆனால் எட்டு மாதம் பழசு. இதற்குத் தனியாகத் திட்டுவாங்கிவிட்டேன், மறுபடி வேண்டாம்.

திங்கட்கிழமை செந்தூலில் கேடிஎம் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி அந்தக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையனிடம் படத்தைக் காட்டி, அப்கிரேட் பாதியில் நின்றது, க்ரப் பிரச்சினை என்று நினைக்கிறேன் என்றேன். படத்தைப் பார்க்கவே இல்லை. "வச்சிட்டுப் போங்கக்கா, செக் பண்ணிச் சொல்றேன்." சாயங்காலம் போன் வந்தது. "டிரைவ் செத்துப்போச்சுக்கா. விண்டோஸ் 10க்கு சப்போர்ட்டை நிறுத்திட்டாங்கல்ல, அதுக்கப்புறம் இப்படித்தான் நிறைய வருது."

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது உண்மைதான். அதனால் டிரைவ் சாகாது, புது பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வராது, அவ்வளவுதான். இந்த ஒரு வரியிலேயே நான் எழுந்து போய் லேப்டாப்பைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் வகுப்பு. சரி என்றுவிட்டேன். புது 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) 290 வெள்ளி, விண்டோஸும் கூலியும் 140, மொத்தம் 430. பழைய கோப்புகளை எடுத்துத் தர வேண்டுமென்றால் வெளியே லேபுக்கு அனுப்பணுமாம், தனியாக 900 ஆகுமாம். அது வேண்டாம் என்றேன்.

வாங்கப் போனபோது பழைய எஸ்எஸ்டியைக் கேட்டேன். "அதத் தூக்கிப் போட்டுட்டோமே." என் பொருளை என்னைக் கேட்காமல் எப்படித் தூக்கிப் போடுவீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன், பக்கத்தில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். உள்ளே இருந்து முதலாளி, "டீச்சருக்குக் கொடுத்துரு" என்றார். தூக்கிப் போட்டது ஒரு நிமிடத்தில் சிவப்பு பிளாஸ்டிக் பையில் வந்துவிட்டது.

வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். அடியில் ஏழு திருகாணி இருக்க வேண்டும், ஆறுதான் இருந்தது. அவர்கள் போட்ட 'புது' எஸ்எஸ்டியின் தங்க நிற முனையில் செருகிச் செருகிக் கழற்றிய கோடுகள், மேலே வேறு ஏதோ ஸ்டிக்கரைப் பிய்த்த பசை. உபுண்டு பென்டிரைவில் இருந்து கிளப்பி, டிரைவ் தன் நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். எல்லா எஸ்எஸ்டியும் தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தனக்குள் கணக்கு வைத்திருக்கும். இது 11,412 மணி நேரம் ஓடியிருக்கிறது. பில்லில் அவர்கள் கைப்பட 'நியூ' என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் 'செத்துப்போன' என் 512 ஜிபியை மாட்டினேன். ஒரு பிழையும் இல்லை, தேய்மானம் 4 விழுக்காடு. கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு மணி நேரம் முன்னால்தான் நான் 430 வெள்ளி கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் அந்தப் படத்தை ஒழுங்காகப் படித்தேன். கடைசி வரி 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்.' 512 ஜிபியில் பாதிக்கு மேல் காலி, எங்கே இடம் இல்லை? விண்டோஸ் தன்னை நிறுவும்போது ஈஎஃப்ஐ என்று ஒரு குட்டிப் பிரிவை ஒதுக்கும், வழக்கமாக 100 எம்பிதான். லேப்டாப் கிளம்புவதற்கு வேண்டிய கோப்புகள் அதில்தான் இருக்கும், உபுண்டுவின் க்ரப்பும் அங்கேயேதான் போய் உட்காரும். என்னுடையதில் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் பழைய பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை நிரல்) கோப்புகள் 40 எம்பிக்கு மேல் அடைத்துக்கொண்டு கிடந்தன. புது க்ரப் கோப்பை எழுதப் போய் இடம் போதாமல் பாதியில் நின்றிருக்கிறது. அந்தப் பாதிக் கோப்பை வைத்துக்கொண்டு எதுவும் கிளம்பாது. ஆரம்பத்திலேயே, எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று லேப்டாப் கேட்கும் பூட் மெனுவைத் திறந்து, க்ரப்பைத் தாண்டி விண்டோஸைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது ஓடியிருக்கும். எனக்கு அது தோன்றவில்லை, ரிப்பேர்க் கடைக்குத் தோன்றாமல் இருக்குமா?

சரிசெய்ய முக்கால் மணி நேரம். பென்டிரைவை யூஈஎஃப்ஐ என்ற புது முறையில்தான் கிளப்ப வேண்டும், பழைய லெகசி முறையில் வந்தால் க்ரப் தப்பான விதத்தில் பதியப் பார்க்கும். பயாஸ் கோப்புகளை வேறொரு பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு அங்கிருந்து அழித்தேன். பிறகு என் உபுண்டு பிரிவையும் ஈஎஃப்ஐ பிரிவையும் மவுன்ட் செய்து (திறந்து இணைத்து), சிஎச்ரூட் என்ற கட்டளை வழியாக டிரைவில் இருந்த உபுண்டுவுக்குள் போய், பாதியில் நின்ற தொகுப்புகளை முடிக்கச் சொல்லி, க்ரப்பை மறுபடி பதித்தேன். 24.04 கிளம்பியது, விண்டோஸும் மெனுவில் வந்தது. அதே ஈஎஃப்ஐ பிரிவில் விண்டோஸ் கிளம்பும் கோப்புகளும் இருக்கின்றன, மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டரை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

மறுநாள் கடைக்குப் போன் போட்டால், "மாட்டினதத் திரும்ப எடுக்க முடியாதுக்கா." வாட்ஸ்அப்பில் ஸ்மார்ட் படத்தையும் பில்லையும் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

அதனால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் பதிந்துவிட்டேன். 1999ஆம் வருடப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் வெறும் 5 வெள்ளி, வக்கீல் வைக்க முடியாது, நாமே போய்ப் பேச வேண்டியதுதான். அந்த 256 ஜிபியை ஒரு உறையில் போட்டு பில்லோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.