எல்லையோரத்தில் ஒரு இசட்எஃப்எஸ் ஆவணத் தளம்: மூன்றாண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

வட்டில் தரவைச் சேமித்துக் காக்கும் இசட்எஃப்எஸ்ஸின் திறந்த மூலப் பதிப்பான ஓப்பன்இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்குத் தமிழில் ஒரு வழிகாட்டித் தளம் வேண்டும் என்ற தேவை பாலக்காட்டு எல்லையில் தானாகவே எழும். சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் ஓடுவது லினக்ஸ். பள்ளிப் பருவத்திலேயே டெர்மினல் பழகிவிட்ட பிள்ளைகள், வட்டில் இருக்கும் தரவை எப்படிக் காப்பது என்பதைத் தமிழில் படிக்க முடிந்தால் நல்லது.

தளம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கணினியில் ஓடுகிறது. அதன் நகல் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சியில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் வெவ்வேறு மாநில மின்சாரம் என்பதால், இங்கே கரண்ட் போனால் அங்கே இருக்கும். காசு செலவில்லாமல் கிடைத்த பாதுகாப்பு இது.

கணினி பழைய அலுவலக ரகம்தான்: 16 ஜிபி ரேம், டெபியன் லினக்ஸுக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, தரவுக்கு மிரர் முறையில் (ஒரே தரவு இரண்டிலும்) இரண்டு 4 டிபி வட்டுகள். எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்) வட்டு வேண்டாம். பழுதான வட்டை மாற்றும்போது தரவை மீண்டும் நிரப்பும் வேலை அதில் நாள்கணக்கில் இழுக்கும். பூல் (வட்டுகளைச் சேர்த்த சேமிப்புத் தொகுதி) உருவாக்கும்போது, செக்டர் அளவைச் சொல்லும் ஏஷிஃப்ட் மதிப்பை 12 என்று நாமே கொடுத்துவிட வேண்டும். 2-இன் 12-ஆம் அடுக்கு 4096, அதாவது இன்றைய வட்டுகளின் உண்மையான செக்டர் அளவு. சில வட்டுகள் 512 என்று பொய் சொல்லும், பிறகு மாற்ற வழியில்லை. வட்டுகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று குறிக்காமல் வரிசை எண் உள்ள பெயரால் குறித்தால், எதைக் கழற்றுவது என்ற குழப்பம் பின்னால் வராது.

ஒரே டேட்டாசெட்டில் (பூலுக்குள் தனி அமைப்புகள் கொண்ட பகுதி) எல்லாவற்றையும் கொட்டக் கூடாது. தளப் பக்கங்களுக்கு ஒன்று, ஐஎஸ்ஓ, வீடியோ போன்ற பெரிய கோப்புகளுக்கு ஒன்று (ரெக்கார்டு அளவு 1 எம்பி), லாக் கோப்புகளுக்குக் கோட்டா வைத்து ஒன்று. பக்கங்களுக்கு இயல்பான 128 கேபி போதும். சுருக்கத்துக்கு எல்இசட்4, ஏடைம் (கோப்பைப் படித்த நேரப் பதிவு) அணைப்பு. இவ்வளவுதான்.

தமிழுக்கென்று தொடக்கத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுடன் ஒரே குறியாக ொ, அல்லது க-வுடன் ெ, ா என இரண்டு குறிகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாம் வகை வரலாம். அப்போது கோப்பு இருந்தும் 404 வரும். இசட்எஃப்எஸ்ஸில் நார்மலைசேஷன் என்ற பண்பை ஃபார்ம்-டி என்று வைத்தால் இரண்டு பெயரும் ஒரே கோப்பைத் தரும். பெயர் சேமித்தபடியே இருக்கும், ஒப்பிடும்போது மட்டும் சமமாகக் கொள்ளப்படும். டேட்டாசெட்டை உருவாக்கும் நொடியில் மட்டுமே இதை வைக்க முடியும். மறந்தால் புதிதாக ஒன்று உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டியதுதான்.

பக்கங்களை உருவாக்குவது ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவி. ஓப்பன்இசட்எஃப்எஸ்ஸின் மூல ஆவணங்களும் அதிலேயே இருக்கின்றன. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு வரிவரியாக மொழிபெயர்க்கும் வசதியும் உண்டு. மூலம் மாறினால் எந்த வரி பழையதாகிவிட்டது என்று அதுவே குறித்துக் கொடுக்கும். ஆனால் மூன்று ஆண்டுகளில் அதிக நேரம் தின்றது கோப்பு முறைமை இல்லை, ஸ்ஃபிங்க்ஸின் தேடல் பெட்டி.

தேடலுக்கு உரையைச் சொல் சொல்லாகப் பிரிக்கும்போது, ஸ்ஃபிங்க்ஸ் எழுதப்பட்ட பைத்தான் மொழியின் இயல்பான விதி எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கும். நம் புள்ளியும் கால், கொம்பு போன்ற துணைக்குறிகளும் அந்தக் கணக்கில் எழுத்தே இல்லை. ஆகவே ‘கோப்பு’ என்ற சொல் ‘க’, ‘ப’, ‘ப’ என்று உடைந்து அட்டவணையில் ஏறுகிறது. தேடினால் சம்பந்தமில்லாத பக்கங்கள் வந்து விழும். ஸ்ஃபிங்க்ஸின் தேடல் மொழி வகுப்பை நீட்டித்து, யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் சொல்லின் பகுதியாக ஏற்கும்படி பிரிப்பு விதியை மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் தனியாக ஒரு பிரிப்பு விதி இருக்கிறது. அதையும் அதே மாதிரி மாற்றாவிட்டால் அட்டவணையில் முழுச்சொல், தேடலில் உடைந்த சொல் என்றாகி ஒன்றுமே கிடைக்காது. வேற்றுமை உருபு இன்னும் தீராத சிக்கல்: ‘கோப்பு’ என்று தேடினால் ‘கோப்புகளை’ வரும், ‘கோப்பை’ வராது. கடைசி உகரத்தை விட்டு ‘கோப்ப’ என்று தேடினால் இரண்டும் வரும். தேடல் பெட்டியின் கீழேயே இந்தக் குறிப்பைப் போட்டு வைப்பது பயனுள்ளது.

தலைப்பு இணைப்புகளிலும் இதே பாடு. தமிழ்த் தலைப்பிலிருந்து இணைப்புப் பெயர் செய்ய வராததால் ஐடி1, ஐடி2 என்று எண் போட்டுவிடும். நடுவில் ஒரு தலைப்பைச் சேர்த்தால் அதற்குக் கீழே உள்ள இணைப்புகள் எல்லாம் இடம் மாறும், வெளியே பகிர்ந்தவை தவறான பத்திக்குப் போகும். ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே ஆங்கில எழுத்தில் நிலையான பெயர் ஒன்றை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

இனி, தளம் உண்மையிலேயே விழக்கூடிய இடம். இசட்எஃப்எஸ்ஸின் சிடிடிஎல் உரிமம் லினக்ஸின் கருவான கெர்னலின் ஜிபிஎல் உரிமத்தோடு பொருந்தாது என்று கருதப்படுவதால் அது கெர்னலுக்குள் சேர்க்கப்படவில்லை. டெபியனில் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் ஒவ்வொரு கெர்னலுக்கும் நம் கணினியிலேயே தொகுக்கப்படுகிறது. கெர்னல் புதுப்பித்து, தொகுக்கத் தேவையான ஹெடர் தொகுப்பு வராமல் போனால், மறுதொடக்கத்துக்குப் பிறகு பூலே இருக்காது. பூல் இல்லாத இடத்தில் வெறும் கோப்புறை இருக்கும். இரவு ஓடும் பதிப்பு வேலை அந்த வெறும் கோப்புறையில் தளத்தை எழுதி, எஸ்எஸ்டியை நிரப்பும். பிறகு பூலைச் சரிசெய்ததும் 2.0-க்குப் பிந்தைய பதிப்புகள் அதன் மேலேயே மவுன்ட் செய்துவிடும் (பூலை அந்தக் கோப்புறையில் இணைத்துவிடும்). அடியில் கிடக்கும் கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது, வட்டு மட்டும் நிரம்பியே இருக்கும். தீர்வு இரண்டு. மவுன்ட் ஆகாத நிலையில் அந்த வெறும் கோப்புறைக்கு மாற்ற முடியாத பண்பைச் சேர்த்துவிட்டால் யாரும் அதில் எழுத முடியாது. தளத்தை வழங்கும் எஞ்சின்எக்ஸும் பதிப்பு வேலையும் அந்த மவுன்ட் இருந்தால்தான் தொடங்கும் என்று சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியில் எழுதிவிட்டால் தவறு உடனே தெரியும்.

ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தின் உறைநிலைப் பிரதி) நம்பகமானது. தவறாக அழிந்த ஒரு பக்கத்தை .zfs என்ற மறைந்திருக்கும் கோப்புறையிலிருந்து நகலெடுத்தால் போதும். முழு ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புதல்) செய்தால் இடையில் எடுத்த ஸ்னாப்ஷாட்களும் போய்விடும். ஆனால் டேட்டாசெட்டின் உச்சியையே தளத்தின் வேராக வைத்தால், அந்த மறைந்த கோப்புறையை இணையத்தில் யார் வேண்டுமானாலும் முகவரி தட்டித் திறக்கலாம். நீக்கிய பக்கங்களும் அதிலிருந்து படிக்கக் கிடைக்கும். தளத்தை உள்ளே ஒரு துணைக் கோப்புறையில் வையுங்கள். புள்ளியில் தொடங்கும் முகவரிகளை எஞ்சின்எக்ஸில் தடுத்தும் வையுங்கள்.

பக்கத்தின் அடியில் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்ற தேதியை எடுத்துவிடுவது நல்லது. அது இருந்தால், முழுத் தளத்தையும் உருவாக்கும்போது ஸ்ஃபிங்க்ஸ் எல்லாப் பக்கத்திலும் உருவாக்கிய தேதியைப் போடும். ஒரு எழுத்து மாறினாலும் மொத்தத் தளமும் புதிதாக எழுதப்பட்டு, ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் முழு நகலாக வீங்கும். தேதி இல்லாமல், உள்ளடக்கத்தை ஒப்பிடும் தேர்வோடு ஆர்சிங்க் (நகலெடுக்கும் கருவி) ஓட்டினால் மாறிய பக்கங்கள் மட்டுமே எழுதப்படும்.

பதிவிறக்கக் கோப்புகளுக்கு எஸ்எச்ஏ256 (கோப்பு மாறியதா என்று காட்டும் கைரேகை எண்) பட்டியல் தனியாக வேண்டும். ஸ்க்ரப் (பூல் முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) மாதம் ஒருமுறை ஓடினாலும் போதாது. 2023 நவம்பரில் வெளிவந்த தரவுச் சிதைவுப் பிழையில், நகலெடுத்த கோப்பின் நடுவே வெறும் பூஜ்யங்கள் விழுந்தன. இசட்எஃப்எஸ்ஸின் கணக்கில் அதுவும் சரியான தரவுதான் என்பதால் ஸ்க்ரப் அதைக் காட்டாது. 2.2.2, 2.1.14 பதிப்புகளில் அது சரியானது.

பொள்ளாச்சிக்கு முதல் நகலை வெளிவட்டில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவதே வேகம். அதன் பிறகு சிங்காய்டு என்ற நகல் கருவி மாற்றங்களை மட்டும் அனுப்பும். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நகல் பக்கத்தை ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்காவிட்டால் யாராவது கோப்பைத் திறந்து பார்த்த ஏடைம் மாற்றமே, ரோல்பேக் செய்யாமல் அனுப்பும்போது, அடுத்த அனுப்புதலை நிறுத்திவிடும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஸ்னாப்ஷாட் அழிந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதனால் கடைசியாக அனுப்பியதற்கு ஹோல்டு (அழியாமல் பூட்டு) போட்டு வையுங்கள்.

துலாமழை (ஐப்பசி மழை) இடிக்குப் பிறகு இரண்டு வட்டிலும் ஒரே நேரத்தில் செக்சம் (தரவுச் சரிபார்ப்பு எண்) பிழை தெரிந்தால் புது வட்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். இரண்டும் ஒரே நாளில் கெடுவது அரிது. முதலில் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள், ரேமைச் சோதியுங்கள். பிறகு பிழை எண்ணிக்கையை அழித்துவிட்டு ஸ்க்ரப் இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் பூஜ்யம் வந்தால் வட்டுகளில் குறை இருக்க வாய்ப்பு குறைவு.