ஷார்ப்பனிங்: எல்லாப் படத்துக்கும் ஒரே நம்பரா, இரண்டு கட்டமா?

"அமவுன்ட் 100, ரேடியஸ் 1 வையுங்க, எந்தப் படமும் பளிச்சுனு ஆயிடும்." படத்தின் விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்குக்கு இணையத்தில் எங்கு திரும்பினாலும் இந்த யோசனைதான். அமவுன்ட் என்பது எவ்வளவு பலமாக, ரேடியஸ் என்பது விளிம்பை ஒட்டி எவ்வளவு அகலத்துக்கு என்பது. இன்னொரு வழி, வேலையை இரண்டாகப் பிரிப்பது: ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) கொஞ்சம், மீதி படம் போய்ச் சேரும் இடத்துக்கு ஏற்ப. சென்னை காசிமேட்டில் விடியற்கால மீன் ஏலத்தைப் படமெடுக்கிற நான் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

ஒரே நம்பரில் வேகம் உண்டு. கல்யாணப் படங்களை நூற்றுக்கணக்கில் முடித்துக் கொடுப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் கேமரா தானே பதப்படுத்தித் தரும் ஜேபெக்கில் ஏற்கெனவே ஷார்ப்பனிங் ஏறியிருக்கும். அதன் மேல் 100 வைத்தால் விசைப்படகின் கயிற்றை ஒட்டி வானத்தில் வெள்ளைக் கோடு விழும்.

என்னை முடிவெடுக்க வைத்தது படத்தின் அளவு. 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். இன்ஸ்டாகிராமுக்காக 1080 ஆகச் சுருக்கினால் ஐந்தரை பிக்சல் ஒன்றாகிறது. முழு அளவில் பார்த்துப் பார்த்துக் கூர்மையாக்கிய விளிம்பு அங்கே கரைந்துபோகும், வலைக்கண்கள் மறுபடி மங்கலாகும். அதே ஃபைலை 12×18 அங்குல பிரின்ட் போட்டால் அங்குலத்துக்கு 333 பிக்சல். கையெட்டும் தூரத்தில் ஒரு பிக்சல் விளிம்பு கண்ணுக்குப் பிடிபடவே பிடிபடாது. பளபளப்பில்லாத மேட் பேப்பரில் மை வேறு ஊறிப் பரவும், அதனால் திரையில் சற்றுத் தூக்கலாகத் தெரிவதுதான் தாளில் சரியாக வரும். இந்த இரண்டுக்கும் ஒரே நம்பர் எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு, ஷார்ப்பன் செய்து ஜேபெக்காகச் சேமித்துவிட்டால் அதைத் திரும்பக் கழற்றவும் முடியாது.

முதல் கட்டத்தில், ரா ஃபைலில், லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருள் தானாக வைக்கும் 40-ஐ ஒட்டியே அமவுன்டை விடுகிறேன். கவனமெல்லாம், ஷார்ப்பனிங் எங்கே ஏற வேண்டும் என்று வரையறுக்கும் மாஸ்கிங்கில்தான். ஆல்ட் விசையை அழுத்தியபடி அந்த ஸ்லைடரை நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாகும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில்தான் ஷார்ப்பனிங் ஏறும். வானமும் தண்ணீரும் கறுத்து, வலையும் முகச் சுருக்கமும் மட்டும் வெள்ளையாக நிற்கும்வரை நகர்த்துவேன். இருட்டில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவு) 3200-க்கு ஏற்றி எடுத்த படத்துக்கு மாஸ்கிங்கை 0-இல் விட்டால் வானத்து நாய்ஸும் (புள்ளிப் பிசிறு) சேர்ந்து கூர்மையாகிவிடும். இரண்டாம் கட்டம் சுலபம்: எக்ஸ்போர்ட் செய்யும்போது திரை, மேட், கிளாசி (பளபளப்புத் தாள்) என்று போகுமிடத்தைத் தேர்ந்தெடுத்தால் சுருக்கிய அளவுக்கு ஏற்ப அதுவே செய்துகொள்ளும்.

ஏஐ ஷார்ப்பனிங் கருவிகளைக் கொஞ்சமாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். சில படங்களில் மீனில் இல்லாத செதிலை வரைந்ததுபோலத் தெரிந்தது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல என் அனுபவம் போதாது. கேன்வாஸ் துணியில் பிரின்ட் போடுவதும் அப்படித்தான்.

பிரின்டுக்குப் போகிறவர்கள், பிரின்ட் போடும் லேபிலும் ஷார்ப்பன் செய்கிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். 12×18-க்குத் தயாரான ஃபைலில் முகம் இருக்கும் பகுதியை மட்டும், சுருக்காமல், 4×6 அளவுக்கு வெட்டி ஒரு டெஸ்ட் பிரின்ட் போட்டுப் பாருங்கள்.