முதல் பெட்டிக்கு ஏற்ற பலகை: பினாங்கு ஜெலுத்தோங் வட்டாரத்துக் கடை ஒன்றின் மதிப்பீடு

மின்கருவி எதுவும் இல்லாமல் வாள், உளி, இழைப்புளி ஆகியவற்றை மட்டும் கொண்டு முதன்முதலாக ஒரு சிறு பெட்டி செய்ய விரும்புகிறவர்கள், எந்த உளி வாங்குவது என்று மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். மரத்தையோ கண்ணில் பட்ட இடத்தில் வாங்கிவிடுகிறார்கள். முதல் வேலை நன்றாக அமைவது பெரும்பாலும் மரத்தைப் பொறுத்தது என்பதால், பினாங்கு ஜெலுத்தோங் வட்டாரத்தில் நான் பலகை வாங்கும் பழைய கடையைப் பற்றியும், அங்கே கிடைக்கும் மரங்கள் கைக்கருவிக்கு எப்படி இணங்குகின்றன என்பதைப் பற்றியும் எழுதுகிறேன்.

கடையின் முதற்சிறப்பு, அடுக்கிலிருந்து பலகையை நாமே உருவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அனுமதிப்பது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையின் ஓரத்தை நீளவாக்கில் நோக்கி அது முறுக்கியிருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று சோதிப்பதைக் கடைக்காரர் தடுப்பதில்லை. கட்டுமானக்காரர்களுக்கு விற்கும் பல கடைகளில் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அடிக்கணக்கில் விற்பதோடு, நீண்ட பலகையை நம் வண்டியில் ஏறும் அளவுக்கு அறுத்தும் தருகிறார்கள்.

அங்கே நான் முதலில் பரிந்துரைப்பது ஜெலுத்தோங் மரத்தை. காற்றில் உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 420 முதல் 500 கிலோ எடையுள்ள இந்த வெளிர்மஞ்சள் மரம், பென்சில் செய்யவும் வார்ப்பட மாதிரிகள் செதுக்கவும் பயன்பட்டு வருவதற்குக் காரணம் அதன் நார் நேராகவும் நெருக்கமாகவும் ஓடுவதுதான். பலகையை எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் சீவல் பெரும்பாலும் ஒரே சீராகச் சுருண்டு வருகிறது. உளியைச் சற்றுத் தவறாகப் பிடித்தாலும் மூட்டின் ஓரம் பிளந்துபோவதில்லை. பால் ஓடிய குழாய்களின் தடமாகக் கீறல் போன்ற சிறு பிளவுகள் ஆங்காங்கே இருக்கும். அவை விழாத பகுதியைப் பெட்டியின் முகப்புக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். பூச்சியையும் பூஞ்சையையும் தாங்காத மரம் என்பதால், வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு மட்டுமே இது ஏற்றது.

மெரந்தி எங்கும் கிடைக்கிறது, ஆனால் அது ஒரே மரமன்று. இளஞ்சிவப்பு மெரந்தி எளிதில் அறுபடும். வெள்ளை மெரந்தியிலோ சிலிக்கா கலந்திருப்பதால், தீட்டிய உளி விரைவில் மழுங்கிவிடும். தீட்டவே இப்போதுதான் பழகுகிறவருக்கு இது பெரிய சோதனை. ஆகவே கடையில் 'மெரந்தி' என்று மட்டும் சொன்னால் எந்த மெரந்தி என்று கேட்க வேண்டும். சிவப்பிலும் சில பலகைகளில் நார் அடுக்குக்கு அடுக்கு எதிர்த்திசையில் பின்னியிருக்கும். முகத்தில் நீளநீளமாகப் பட்டைகள் மாறி மாறித் தெரிந்தால் அதை விட்டு வேறொன்றை எடுப்பது நல்லது, ஏனெனில் இழைக்கும்போது பாதிப் பட்டைகளில் நார் பிய்ந்து எழும்.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், நம் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பாக இருந்த மரம். 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்பட்டு, பூச்சி அரிக்காதபடி போரான் உப்பு ஏற்றப்பட்டு, உலைச்சூட்டில் உலர்த்தப்பட்ட பலகைகளாக வருவதை அங்கே காணும்போது எனக்கு மனநிறைவு உண்டாகிறது. ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கடைகளில் அதிகம் விற்பது குறுந்துண்டுகளை விரல்விரலாகக் கோத்து ஒட்டிய பலகை. ஒவ்வொரு துண்டிலும் நார் வெவ்வேறு திசையில் ஓடுவதால், எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் எங்கேயாவது ஒரு துண்டு கிழியும். தட்டையான, கோணாத பலகை இது. ஆகவே பெட்டியின் அடிப்பாகத்துக்கும் மூடிக்கும் இழைக்காமல் அப்படியே பயன்படுத்தி, மூட்டு வெட்டும் பக்கங்களுக்கு ஜெலுத்தோங்கை எடுப்பதே என் தேர்வு.

'வைரம் பாய்ந்த மரம்தான் மரம்' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு செங்கால் (chengal) என்னும் வன்மரக் கட்டையைத் தேடுகிறவர்களும் உண்டு. வீட்டு நிலைக்கும் படகுக்கும் அது ஒப்பற்றது. ஆனால் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும் அந்த மரத்தில் தொடக்கநிலையாளரின் உளி திரும்பித்திரும்பி மழுங்கும். சரக்கை அடுக்கி அனுப்பும் தட்டுகளின் (pallet) பைன் மரமும் பயன்படும். அதை எடுப்பவர், 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான 'எச்டி' (HT) முத்திரை இருக்கிறதா, மரத்துக்குள் ஆணி முறிந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'எம்பி' (MB) முத்திரையுள்ளது நச்சுப்புகை ஊட்டியது. அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

கடையின் குறைகளில் முதன்மையானது ஈரம். கூரைக்கடியில் இருந்தாலும் பக்கச்சுவரற்ற இடத்தில் அடுக்கப்பட்டுள்ளதால் பலகை பினாங்குக் காற்றின் ஈரத்தோடுதான் வருகிறது. குளிரூட்டிய அறைக்குள் அது சுருங்கி, அவசரப்பட்டுச் செய்த மூட்டைத் தளர்த்திவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இடையிடையே சிறு குச்சிகளை வைத்து, காற்று புகும்படி அடுக்கி, சில வாரம் விட்டுவைப்பது நல்லது. இரண்டாவது குறை, இழைத்துத் தரும் இயந்திரத்தில் குட்டையான துண்டுகளை ஏற்ற மறுப்பது. ஆகவே பலகையை முழு நீளத்தில் ஒரு முகம் இழைக்கச் சொல்லி, அதன் பிறகே அறுத்துத் தரும்படி கேட்க வேண்டும். இழைத்தபின் கனம் குறையும் என்பதையும் கணக்கில் கொண்டு அளவு சொல்ல வேண்டும்.