வேலூர்ச் சைவ ஓட்டல்களில் பால், நெய் இல்லாமல் சாப்பிட

வேலூரில் 'சுத்த சைவம்' என்று பலகை மாட்டிய ஓட்டலுக்குப் பஞ்சமில்லை. பாலும் நெய்யும் தொடாதவர்களுக்கு, அதாவது வீகன்களுக்கு, அந்தப் பலகையால் பாதிப் பயன்தான். பச்சைப் புள்ளியும் அப்படியே. நம் நாட்டுச் சட்டத்தில் பால், தயிர், நெய், தேன் எல்லாமே சைவம். வீகன் உணவுக்கென்று தனிப் பச்சை முத்திரை 2022 விதிமுறையில் வந்தது, ஆனால் அது பாக்கெட்டில் அடைத்து விற்கும் பண்டத்துக்கு. தட்டில் வரும் தோசைக்கு யாரும் முத்திரை குத்தப் போவதில்லை.

இருந்தும் இந்த ஊர் அவ்வளவு மோசமில்லை. தனி வீகன் கடையைத் தேடி அலைவதைவிட, சாதாரண மத்தியானச் சாப்பாட்டு ஓட்டலில் விஷயம் தெரிந்து உட்கார்ந்தால் வயிறும் நிறையும், காசும் மிஞ்சும். பால் எங்கே நுழைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது நுழைவது மாவில், தாளிப்பில், கல்லில்.

சர்வரிடம் 'வீகன்' என்று சொன்னால் பல இடங்களில் 'நம்ம கடை ப்யூர் வெஜ் சார்' என்ற பதில்தான் வரும். 'பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் அஞ்சும் ஆகாதுண்ணா' என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள். 'சாம்பார்ல நெய் இருக்கா?' என்று கேட்டாலும் பயனில்லை, இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். 'தாளிப்பு எதுல?' என்று கேட்டால்தான் சரக்கு மாஸ்டரிடம் போய்க் கேட்டு வருவார்.

காலை டிபனில் இட்லியும் உளுந்து வடையும் பெரும்பாலும் பயமில்லாதவை. பூரி மாவில் சிலர் பால் விட்டுப் பிசைவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கல் வேண்டவே வேண்டாம். அதில் மிளகு, சீரகம், முந்திரி எல்லாம் நெய்யிலேயே பொரிபடுகின்றன. 'நெய் இல்லாம கொடுங்க' என்று சொன்னால் மேலே ஊற்றும் அந்த ஒரு கரண்டி மட்டும்தான் நிற்கும். கேசரிக்கும் ரவா கிச்சடிக்கும் இதே கதைதான். ரவா தோசை மாவில் புளிப்புக்காக மோர் கலக்கும் கடைகள் உண்டு.

தோசைக்குக் கல்லைப் பார்க்க வேண்டும். நெய் ரோஸ்ட் எடுத்த கையோடு அதே கல்லில் உங்கள் தோசை விழும். மாஸ்டர் தண்ணீரைத் தெளித்து, நுனி வெட்டிய தென்னந்துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். தண்ணீர் சுர்ரென்று கொதித்து ஓடும்போது மேலே மிதக்கும் நெய் அதோடு போகும், கல்லில் ஊறியது போகாது. பெரிய கல்லில் ஐந்தாறு தோசை ஒன்றாக வேகும்போது பக்கத்துத் தோசையின் வெண்ணெய் உருகி இந்தப் பக்கம் வருவதும் உண்டு. கொள்கைக்காகத் தவிர்ப்பவர் 'கல்லைத் துடைச்சிட்டு எண்ணெய்ல மட்டும் ஊத்துங்க மாஸ்டர்' என்று சொல்லி ஓரத் தோசையாகக் கேட்கலாம். பால் ஒவ்வாமை உள்ளவர் தோசையை விட்டுவிட்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சட்னியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலூர் வெயில் சித்திரை வைகாசியில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. காலை ஏழு மணிக்கு அரைத்த தேங்காய்ச் சட்னி பதினொரு மணிக்கு மேல் நம்பத்தக்கதல்ல. தண்ணீர் தனியாகப் பிரிந்து, ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டியிருந்தால் தொடாதீர்கள். அந்த நேரத்தில் காரச் சட்னிதான் கை கொடுக்கும், எண்ணெயில் நன்றாக வதக்கி அரைத்தது சீக்கிரம் கெடாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டேகாலுக்கு உட்கார்ந்துவிடுவது உத்தமம். இரண்டரைக்கு மேல் சாம்பாரில் வெந்நீர் சேரும், பொரியல் அடிப்பிடித்த வாசனையோடு வரும். ரசம்தான் முதலில் கெடும். நுரை கட்டி எழும்பியதும் இறக்க வேண்டியதை, சூடு ஆறக் கூடாதென்று அடுப்பிலேயே விட்டிருப்பார்கள். கொதிக்கக் கொதிக்க வாசனை போய்க் கசப்பு ஏறிவிடும்.

இலை போட்டதும் முதலில் வருவது பருப்பும் நெய்யும். சர்வரின் கை பழக்கத்தில் ஓடும் கை, ஆகவே பருப்பு விழுந்த உடனே இலைக்கு மேல் கையை நீட்டி மறியுங்கள். பொரியல், அப்பளம், ஊறுகாய், சாம்பார் பெரும்பாலும் சரி. வத்தக்குழம்பு நல்லெண்ணெயில் செய்வது, இலையிலேயே நிம்மதியான பதார்த்தம் அதுதான். கூட்டில் சில இடத்தில் கடைசியாகப் பால் விடுவார்கள். அவியலில் தயிர் உண்டு, மோர்க்குழம்பு பெயரிலேயே சொல்லிவிடுகிறது. ரசத் தாளிப்பு பல கடைகளில் நெய். ஸ்பெஷல் சாப்பாட்டில் சப்பாத்தியோடு வரும் குருமாவில் தேங்காய், கசகசாவோடு தயிரும் இருக்கலாம். பாயசத்தில் வெல்லமும் தேங்காய்ப் பாலும் போட்ட பருப்புப் பாயசம் வந்தாலும் முந்திரி நெய்யில் வறுபட்டதாகவே இருக்கும்.

தயிரும் பாயசமும் எடுக்காததற்குக் காசு குறைக்க மாட்டார்கள். அதற்குப் பதில் இன்னொரு பொரியல் அல்லது வத்தக்குழம்பு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கிற கடைதான் நல்ல கடை. அளவுச் சாப்பாட்டில் இது நடக்காது. மோர் இல்லாமல் சாப்பாடு முடிந்ததாகத் தோன்றாதவர்கள் கடைசிச் சோற்றை வத்தக்குழம்போடும் ஊறுகாயோடும் முடித்துக்கொள்ளலாம்.

இந்த ஜில்லாவில் தேடிச் சாப்பிட வேண்டிய வீகன் பதார்த்தம் எண்ணெய்க் கத்திரிக்காய். இலவம்பாடிப் பக்கம் விளையும் வேலூர் முள் கத்திரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பிலும் அதன் தொப்பியிலும் முள் நிற்கும், பறிக்கும் கை கவனமாக இருக்க வேண்டும். ஓட்டலில் நீளக் கத்திரியைப் போட்டு அதே பெயரில் பரிமாறுவதுண்டு. இலையில் விழுந்த காயின் தொப்பியை விரலால் தடவிப் பாருங்கள், வெந்த பிறகும் முள்ளின் அடி தட்டுப்படும். காய் முழுசாக நிற்க வேண்டும், தொட்டால் சதை வெண்ணெயாகக் குழைய வேண்டும் (இந்த வெண்ணெய்க்குத் தடையில்லை).

சில கடைகளில் காய் ரப்பர் போல வருகிறதே, காரணம் புளி. கால் கிலோ பிஞ்சுக் காயைக் காம்போடு நான்காகக் கீறி, நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கிய பிறகுதான் புளிக்கரைசல் விட வேண்டும். புளி முந்திக்கொண்டால் காய் மெத்தென்று ஆகாது, எவ்வளவு கொதித்தாலும் நடுவில் விறைப்பு நிற்கும். கூட்டத்துக்குச் சமைக்கும்போது எண்ணெயையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கப் பார்த்து மாஸ்டர் செய்யும் தப்பு இது. நன்றாகச் செய்த குழம்பில் வேர்க்கடலையும் எள்ளும் வறுத்து அரைத்த விழுது சேர்ந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்.

ஆம்பூர் பாணி வெஜ் பிரியாணிக்கும் கத்திரிக்காய்தான் தொட்டுக்கொள்ள வரும். பிரியாணியை விடுங்கள், மசாலாவில் தயிர் இருக்கும். ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவும் கோவா சேர்ந்தது, ஆகவே கணக்கில் இல்லை.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் போனால் பலகையெல்லாம் வங்காளியில். சிகிச்சைக்கு வந்த வங்காளிகளுக்கான கடைகள். கடுகெண்ணெய் வாசனை பிடித்தால் இங்கே நல்ல வேட்டை: கசகசா அரைத்த உருளைக்கிழங்கு ஆலு போஸ்தோ, கத்திரிக்காய் வறுவல், பருப்பு. ஆனால் வறுவல் பொரிந்த கடாயில் காலையில் மீன் பொரிந்திருக்கும், கேளுங்கள். 'நிராமிஷ்' (வங்காளியில் சைவம்) என்று கேட்டால் வெங்காயம், பூண்டு இல்லாமல் வரும். ஆசாரக்காரர்கள் மசூர் பருப்பைக்கூட அதில் சேர்க்க மாட்டார்கள். நெய் விஷயத்தில் அந்தச் சொல் உதவாது, தனியாகச் சொல்ல வேண்டும். சுக்தோ என்னும் பாகற்காய் சேர்ந்த காய்க் கலவையில் பால் விடுவது வழக்கம்.

நோயாளிக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு ஒன்று. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் 'உப்பில்லா இட்லி' என்று கேட்டு ஏமாறாதீர்கள். உப்பு மாவிலேயே இருக்கிறது, தோசைக்கும் இடியாப்பத்துக்கும் அப்படித்தான். பெரிய அண்டாவில் கொதிக்கும் சாம்பாரில் உங்களுக்காக உப்பைக் குறைக்க வழியில்லை. ஓட்டலில் உப்பில்லாமல் கிடைப்பது பெரும்பாலும் வெறும் சோறுதான். அதை வாங்கிக்கொண்டு, காய் பருப்பை லாட்ஜ் அடுப்பில் செய்துகொள்வதே சரி.

காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களை நம்பி நடக்கும் வட இந்தியக் கடைகளில் 'நான்' வகையை ஒதுக்குங்கள், மாவிலேயே தயிரும் பாலும். ரொட்டி கேட்டால் 'பட்டர் தடவாம' என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சன்னா மசாலா பெரும்பாலும் எண்ணெய்தான், தால் தட்கா அப்படியல்ல. சோயா சாப் என்று பெயரைப் பார்த்து நம்பினால் தயிரிலும் கிரீமிலும் ஊறியது வரும். நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ் வதங்கும் சட்டியில் முன்னால் முட்டை வதங்கியதா என்று பார்ப்பது கட்டாயம். பாதாம் பால், சோயா பால் காபி என்று போட்டிருந்தால் பாக்கெட்டைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை. இல்லாவிட்டால் வரக்காப்பி, சுக்குக் காப்பி போதும்.

பில்லையும் ஒரு பார்வை பார்க்கலாம். சாதாரண ஓட்டலுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 120 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு மத்திய, மாநில வரி தலா 3 ரூபாய் சேர்ந்து 126. காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இருக்கும் சின்ன மெஸ் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, பில்லிலேயே அதை அச்சிட்டிருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

பார்சல்தான் எல்லாக் கடையிலும் சறுக்குகிறது. சொல்லிவிட்டு வந்தாலும் கட்டுகிறவர் வேறு ஆள். மோர் பாக்கெட்டும் இனிப்பும் தானாக உள்ளே விழும், சில சமயம் சோற்றின் மேல் நெய்யும். கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும் சூடான சாம்பாரைக் கவரில் ஊற்றி முடிச்சுப் போடும் கை இன்னும் ஓயவில்லை. எவர்சில்வர் கேரியரைக் கொண்டுபோய், குழம்புக்கு அடியில் உள்ள தட்டையும் பொரியலுக்கு மேல் தட்டையும் நீட்டுங்கள். அதில் ஊற்றும்போது குழம்பு ஒரு கரண்டி அதிகமாகவே விழும்.