கொலராடோ பூங்கா பாஸ்: நூலகப் பையா, 29 டாலரா?

கொலராடோவில் கார் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கும்போது கட்டணப் பட்டியலில் 29 டாலர் ஒன்று தானாகவே சேர்ந்து வரும். ‘கீப் கொலராடோ வைல்ட்’ பாஸ், அதாவது மாநில அரசு நடத்தும் பூங்காக்களுக்குள் (ஸ்டேட் பார்க்) வருடம் முழுக்க வண்டியோடு நுழைவதற்கான பாஸ். 2023இல் வந்த ஏற்பாடு. வேண்டாம் என்று நாமாகச் சொன்னால்தான் எடுப்பார்கள். இன்னொரு பக்கம், நூலக அட்டை இருந்தால் போதும், ஸ்டேட் பார்க் பாஸை ஒரு முதுகுப்பையோடு சேர்த்து ஏழு நாளுக்கு இலவசமாகவே எடுத்துப் போகலாம். மாநிலம் முழுக்கப் பல நூலகங்களில் இது உண்டு. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நான் 29 டாலர் பக்கம் வந்து சேர்ந்தேன். ஆனால் கூடாரம், பனிக்காலணி (பனியில் கால் புதையாமல் நடக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டம்) போன்ற சாமான்களில் என் ஓட்டு நூலகத்துக்குத்தான்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான விஷயம். இரண்டுமே வண்டி உள்ளே நுழைவதற்கு மட்டும். இரவு தங்கினால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க்கில் இரண்டும் செல்லாது. அது மத்திய அரசின் பூங்கா. டென்வருக்குப் புதிதாக வரும் நண்பர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். எல்டொராடோ கேன்யன் ஸ்டேட் பார்க்குக்குக் கோடையில் சனி, ஞாயிறு போவதென்றால் பாஸ் இருந்தாலும் நேரத்தை முன்பதிவு செய்தே ஆக வேண்டும்.

பணக் கணக்கு சுலபம். ஒரு நாள் கட்டணம் பெரும்பாலும் 10 முதல் 12 டாலர். மூன்று தடவை போனால் 29 டாலர் வசூல். அந்தப் பணத்தில் ஒரு பகுதி மலையில் சிக்கியவர்களைத் தேடி மீட்கும் குழுக்களுக்கும் பனிச்சரிவு எச்சரிக்கை மையத்துக்கும் போகிறது என்பதால் கொடுக்க மனசும் வருகிறது. நூலகத்தில் செலவே இல்லை. காசை மட்டும் பார்த்தால் நூலகம்தான்.

ஆனால் இங்கே காசு பெரிய விஷயமில்லை, நாள்தான். இந்த ஊர் வானிலையை நம்பி இரண்டு வாரம் முன்னால் திட்டம் போட முடியாது. ஜூலையில் காலை பளிச்சென்று இருக்கும், மதியம் இடி இடிக்கும். ஆகஸ்டில் எங்கோ காடு எரிந்தால் புகை இங்கே வந்து உட்காரும். அக்டோபரில் திடீரென்று பனி கொட்டும். அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்து, போனில் வானிலையைப் பார்த்து, ‘சரி, நாளைக்குப் போகலாம்’ என்று கிளம்புகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் நூலகத்தில் அந்த முதுகுப்பைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். முறை வரும்போது வரும். செவ்வாய்க்கிழமை ‘உங்கள் பை தயார்’ என்று மின்னஞ்சல் வரும். எடுத்த நாளிலிருந்து ஏழு நாள் என்றால் கையில் இருப்பது ஒரே ஒரு வார இறுதி. அந்தச் சனிக்கிழமை மழை பெய்யலாம், இல்லையென்றால் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவாக இருக்கும். அடுத்தவர் காத்திருக்கும்போது நீட்டிக்கவும் முடியாது.

செப்டம்பர் கடைசியில் இது இன்னும் இறுகும். கோல்டன் கேட் கேன்யன் ஸ்டேட் பார்க்கில் ஆஸ்பென் மரங்கள் தங்க நிறத்துக்கு மாறுவது சில நாள் கூத்து. ஒரு பலத்த காற்று அடித்தால் இலையெல்லாம் கீழே. ஊரே அந்தச் சமயத்தில்தான் நூலகப் பைக்காக வரிசையில் நிற்கும். அன்றைக்கு வண்டியிலேயே பாஸ் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பதற்கு 29 டாலர் ஒரு விலையே இல்லை.

நூலகப் பாஸ் ஜெயிக்கும் இடமும் உண்டு. 29 டாலர் பாஸ் அந்த ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டோடு கட்டுண்டது. இரண்டாவது காருக்கு மாற்ற முடியாது. நூலகம் தருவது கண்ணாடியில் தொங்கவிடும் அட்டை, எந்த வண்டியிலும் மாட்டலாம். ஊரிலிருந்து அம்மா, அப்பா, மாமனார், மாமியார் எல்லோரும் ஒன்றாக வந்திறங்கி, வாடகைக்குப் பெரிய வேன் எடுக்கிற கோடையில் இந்த அட்டைதான் கைகொடுக்கும். அந்த மாதிரி பயணத்துக்கு டிக்கெட் போடும்போதே தேதி தெரியும் என்பதால் முன்னாடியே பெயர் கொடுத்து வைக்கலாம். பையில் பைனாகுலரும் விலங்குகளைப் பார்ப்பதற்கான கையேடும் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பா நடையை விட்டுவிட்டு அந்த பைனாகுலரோடு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார், கிளப்பவே முடியவில்லை. திருப்பும்போது மட்டும் பையில் தொங்கும் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணிவிடுங்கள். லென்ஸ் மூடிதான் எப்போதும் கார் சீட்டுக்கு அடியில் போய் ஒளியும்.

அப்புறம் சாமான்கள். சில நூலகங்கள் கூடாரம், பனிக்காலணி, தொலைநோக்கி வரை தருகின்றன. எது இருக்கும் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும், நூலகத்தின் கேட்டலாக்கில் தேடிப் பாருங்கள். இங்கே என் கணக்கு தலைகீழ். கூடாரம் போட இடத்தை ஆறு மாதம் முன்பே பதிவு செய்யலாம் என்பதால் தேதி கையில் இருக்கிறது. அதற்கேற்றபடி நூலகத்திலும் கேட்டுவிடலாம். சொந்தமாக வாங்கினால் வருடத்தில் முக்கால்வாசி நாள் அது அலமாரியில் கிடக்கும். பனி இறங்கிய கூடாரத்தைக் காய வைக்காமல் மடித்தால் பூஞ்சை பிடித்து நாறும். அபார்ட்மென்ட் பால்கனியில் நாலு பேர் கூடாரத்தை விரித்துக் காயப்போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நூலகக் கூடாரத்தையும் காய வைத்துத்தான் திருப்ப வேண்டும். ஆனால் ஒருமுறையோடு தொல்லை முடிந்தது.

பனிக்காலணியைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது, கொஞ்ச தூரம் நடந்து பார்த்ததோடு சரி. அடிக்கடி மலையேறுபவர்கள் சொந்தமாக வைத்திருப்பதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. எங்கள் இரண்டாவது காருக்கு இந்த வருடம் 29 டாலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அலுவலகத்துக்குப் போகிற கார், மலைப் பக்கம் திரும்புவதே இல்லை. செர்ரி க்ரீக் ஸ்டேட் பார்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 29 டாலர் பாஸ் இருந்தாலும் தண்ணீர்ப் பாதுகாப்புக்கென்று சின்னதாக ஒரு கூடுதல் கட்டணம் உண்டு.