‘ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு’: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி என்று வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் யாராவது ‘ஆபரேஷன் வேண்டாம், ஊசி வேண்டாம், நிரந்தரத் தீர்வு’ விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு வலி மையத்தில் பேக்கேஜ் எடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நான் எடுத்தேன். பணம் போனது ஒரு பக்கம். அதைவிட மோசம், என்ன மருந்து என்றே சொல்லாத மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க வைத்தார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைச் சொல்லிப் பெரிய பிரயோசனமும் இல்லை, பலகையை மாற்றிவிட்டு இதே வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

என் விஷயம் சுருக்கமாக. கீழ் முதுகில் ஆரம்பித்து இடது பின்தொடை வரை இறங்கும் வலி, சில வருடங்களாக. உட்கார்ந்தால் கூடும், நடந்தால் கொஞ்சம் தேவலை. சில நாள் ஒன்றுமே இருக்காது, சில நாள் செருப்பு மாட்டக் குனிய முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே அதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். வருடக்கணக்கில் போனால் வலி மட்டும் பிரச்சினை இல்லை, அதைப் பற்றிப் பேசவே ஆள் இல்லாமல் போய்விடும். வீட்டில் இருப்பவர்களே ஒரு கட்டத்தில் ‘இன்னுமா?’ என்று பார்ப்பார்கள். முன்பு பார்த்த எலும்பு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். இந்த மையத்தில் அப்படி இல்லை. உட்கார வைத்து, எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா என்று பொறுமையாக முழுக் கதையையும் கேட்டார்கள். அவர்களுடைய மூலதனமே அதுதான். நியாயமாகச் சொன்னால், அந்தக் கேட்ட விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் கேட்டவர் டாக்டர் இல்லை, ‘கவுன்சலர்’. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு. அதில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகளில் ஒன்று மட்டும் சிவப்பாக வெளியே பிதுங்கி, மஞ்சள் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. என் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை வாங்கி, ஹைலைட்டரால் ஒரு வரியில் கோடு போட்டார்: ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது டிஸ்க் பிதுக்கம். பிறகு அந்தச் சிவப்பு டிஸ்க்கை விரலால் அழுத்திக்கொண்டே, “இதுதான் உங்க எல்4, எல்5, இடுப்புப் பக்கத்து நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க். இப்படியே விட்டீங்கன்னா ஆறு மாசத்துல கால் இழுத்துக்கும். அப்புறம் ஆபரேஷன்தான். ஆபரேஷன் பண்ணவங்கள்ல எத்தனை பேர் எழுந்து நடக்குறாங்கன்னு நினைக்கிறீங்க?” என்றார். ரிப்போர்ட்டில் அந்தக் கோட்டுக்கு அடுத்த வரியிலேயே ‘குறிப்பிடும்படியான நரம்பு அழுத்தம் இல்லை’ என்று இருந்தது. ஹைலைட்டர் அந்த வரியைத் தொடவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு விவரம் தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2015-ல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்கள். எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. ஐம்பது வயதில் 60 சதவீதம், எண்பது வயதில் 84 சதவீதம். டிஸ்க் தேய்மானம் எண்பது வயதில் அநேகமாக எல்லோருக்கும், 96 சதவீதம். அதாவது ரிப்போர்ட்டில் பல்ஜ் என்று எழுதியிருப்பதும் தலையில் நரை இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பல்ஜ்தான் உங்கள் வலிக்குக் காரணமா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. வலி எங்கே இறங்குகிறது, காலில் உணர்ச்சி எப்படி, கட்டைவிரலைத் தூக்கும் பலம் இருக்கிறதா, அனிச்சைச் செயல் சரியா என்று தொட்டுத் தட்டிப் பார்த்து, அதோடு படம் ஒத்துப்போகிறதா என்று சொல்ல வேண்டியது டாக்டர். அந்த மையத்தில் நான் போய்வந்த காலம் முழுக்க ஒருவர்கூட என் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்று, டிஸ்க் நிஜமாகவே விலகி நரம்பை அழுத்தினாலும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை இல்லாமலே வலி குறைகிறது. பிதுங்கிய பகுதி தானாகச் சுருங்கிப்போவதும் மறு ஸ்கேனில் அடிக்கடி பார்க்கப்படுவதுதான். ஆகவே ‘நாங்கள் ஆபரேஷன் இல்லாமல் குணமாக்கினோம்’ என்பதில் பெரும்பகுதி உடம்பே பார்த்த வேலை, பில் மட்டும் அவர்கள் பெயரில். நாள்பட்ட வலிக்கும் இதே கதைதான். ஏறும், இறங்கும். யாரும் நன்றாக இருக்கும் நாளில் புது மையத்தைத் தேடிப் போவதில்லை, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் போவார்கள். அங்கிருந்து அது இறங்கத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்து ஒரு வீடியோ எடுத்துக்கொள்வார்கள். “இப்ப எப்படி இருக்கு, சொல்லுங்க.” நூறு வீடியோ இருந்தாலும் அது சான்று ஆகாது.

பேக்கேஜ் முழுத் தொகையும் முன்பணம். ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. தவணைக்குக் கடன் ஏற்பாடு செய்து தர ஆளும் அதே அறையிலேயே இருந்தார். இன்றைக்குக் கட்டினால்தான் தள்ளுபடி, நாளைக்கு இல்லை. வருடக்கணக்கான வலிக்கு இன்று மாலைக்குள் முடிவெடுக்க வேண்டிய சிகிச்சை என்று ஒன்று கிடையாது என்று இப்போது யாராவது கேட்டால் சொல்வேன். கையெழுத்துப் போட்ட படிவத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில், ‘பலன் நபருக்கு நபர் மாறுபடும், கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று இருந்தது. வாயால் சொன்னது ‘நூறு சதவீதம் கேரண்டி’.

சிகிச்சை என்று கொடுத்தது ஒரு மோட்டார் கட்டில். இடுப்பில் பெல்ட் போட்டு இழுக்கும். திரையில் டிஸ்க் உள்ளே போவது போல ஒரு அனிமேஷன் ஓடும். பெயர் ஏதோ விண்வெளித் தொழில்நுட்பம் மாதிரி இருந்தாலும் இது பழைய ட்ராக்‌ஷன்தான். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டுதலில், சயாட்டிகா (நரம்பு வழியாகக் காலில் இறங்கும் வலி) இருந்தாலும் இல்லாவிட்டாலும் ட்ராக்‌ஷன் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு 2023 டிசம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதலும் வழக்கமான சிகிச்சையாக ட்ராக்‌ஷனையும் இடுப்பு பெல்ட்டையும் பரிந்துரைக்கவில்லை. அதில் பரிந்துரைக்கப்பட்டவை உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கமும் ஆலோசனையும், சில கைமுறை சிகிச்சைகள், மனநல ஆலோசனை, தேவைக்கு வலிநிவாரணி என்று ரொம்பச் சாதாரணமாக இருக்கும். கண்ணாடி அறையில் வைத்து இவற்றை முன்பணத்துக்கு விற்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அப்புறம் அந்த மாத்திரை. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மேலே ‘ஜாயிண்ட் ரிலீஃப், காலை 1, இரவு 1’ என்று ஸ்டிக்கர். கம்பெனி பெயர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் இல்லை, காலாவதி தேதி இல்லை. கேட்டபோது “எல்லாம் நேச்சுரல், சைடு எஃபெக்ட் கிடையாது” என்றார்கள். மூன்றாம் நாளே வலி சட்டென்று இறங்கியது. நன்றாகப் பசித்தது, உற்சாகமாக இருந்தது. கட்டில்தான் வேலை செய்கிறது என்று அவர்கள் சொன்னார்கள், நம்பாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. டப்பா தீர்ந்து அடுத்த டப்பா வர இரண்டு நாள் தாமதமானால் மட்டும் உடம்பு முழுக்க அடித்துப் போட்டது போல ஆகிவிடும். “அதான் சொல்றோம், கோர்ஸை விடாதீங்க.”

போகப் போக முகம் உப்பியது. கை கால் அப்படியே இருக்க, வயிறு மட்டும் பெருத்தது. லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் கன்றிப்போனது. அலுவலக மருத்துவ முகாமில் சர்க்கரை கூடியிருப்பதாகச் சொன்னார்கள், அதற்கு முன் எனக்குச் சர்க்கரை கிடையாது. இதற்கிடையில் மையத்தில் அடுத்த கட்டம் ஆரம்பித்திருந்தது. கட்டில் மட்டும் போதாது, ‘உங்க ரத்தத்திலிருந்தே எடுத்து’ போடும் பிஆர்பி (ரத்தத்தில் பிளேட்லெட் செறிந்த பகுதி) ஊசியும் சேர்த்தால்தான் நிரந்தரம், அதற்குத் தனிக் கட்டணம். விளம்பரத்தில் ‘ஊசி வேண்டாம்’ என்று போட்டவர்கள்தான். (முழங்கால் தேய்மானத்துக்கே பிஆர்பி ஊசியையும் வெறும் உப்புநீர் ஊசியையும் 288 பேரிடம் ஒப்பிட்டு 2021-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து வலியில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. இதைப் பிறகுதான் படித்தேன்.)

சர்க்கரைக்காகப் பார்க்கப் போன பொது மருத்துவர் என் முகத்தைப் பார்த்ததுமே கேட்ட முதல் கேள்வி: “ஏதாவது பேர் போடாத மாத்திரை சாப்பிடுறீங்களா?” டப்பாவை எடுத்துக் காட்டினேன். காலை நேர ரத்தத்தில் கார்டிசோல், அதாவது உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு, எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். மிகக் குறைவாக இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டே இருந்தால் அதைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும் என்று விளக்கினார். வலி குறைந்ததும், பசித்ததும், முகம் உப்பியதும், சர்க்கரை ஏறியதும் எல்லாம் ஒரே காரணம். நீண்ட நாள் போனால் எலும்பு மெலியும், கண்புரை வரும், கிருமித் தொற்று எளிதில் பிடிக்கும். முதுகெலும்புக்கு என்று போனவனுக்கு எலும்பை மெலிய வைக்கும் மருந்து!

எனக்கு நடந்ததைவிட அங்கே பார்த்த இன்னொரு விஷயம்தான் அதிகம் கோபம் தருகிறது. காத்திருக்கும் இடத்தில் வயதான ஒருவர் வருவார். நடக்கும்போது அவருடைய வலது முன்பாதம் மேலே எழும்பாமல் தரையில் தேய்ந்துகொண்டே வரும். அவருக்கும் அதே கட்டில், அதே டப்பா. பாதம் அப்படித் தொங்கிப்போவது நரம்பு பலம் இழப்பதன் அறிகுறி, உடனே நிபுணரிடம் போக வேண்டிய நிலை. என்னைப் போல லேசான பல்ஜ் உள்ளவனை ஆபரேஷன் என்று பயமுறுத்தினார்கள். ஆபரேஷன் வேண்டுமா என்று அவசரமாகப் பார்க்க வேண்டியவரை ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்று பிடித்து வைத்திருந்தார்கள். அறுவை எப்போதுமே கெட்டது என்பதும் ஒரு பொய்தான். முதுகுவலியோடு மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே மணிக்கணக்கு முக்கியம். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவற்றோடு சேர்ந்து வரும் முதுகுவலியையும் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது பார்க்கும் வலி மருத்துவர் ‘நிரந்தரம்’ என்ற வார்த்தையையே பயன்படுத்துவதில்லை. வலி முழுக்கப் போகாமல் இருக்கலாம், ஆனால் அரை மணி உட்கார முடிகிறவர் ஒரு மணி உட்காரலாம், தூக்கம் சீராகலாம், அதை வைத்துத்தான் முன்னேற்றத்தை அளப்போம் என்றார். முதல் தடவை கேட்டபோது சப்பென்று இருந்தது, உண்மை. ஆனால் எதை எழுதினாலும் பெயரோடு எழுதுகிறார், எதற்கு, எத்தனை வாரம் பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்றால் நிறுத்துவோம் என்றும் சொல்கிறார். ஊசியைப் பற்றிக் கேட்டேன். காலில் இறங்கும் கடும் வலி புதிதாக வரும்போது எபிடூரல் ஊசி (முதுகுத்தண்டு நரம்புகளைச் சுற்றிய இடத்தில் போடும் ஊசி) சிலருக்குக் கொஞ்ச காலம் உதவலாம், அபூர்வமாக மோசமான பக்கவிளைவும் உண்டு, உங்களுக்கு இப்போது தேவையில்லை என்றார். ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கும் கோபப்படாமல் பதில் சொன்னார். அந்தக் கேள்வியை எந்த மையத்திலும் கேட்டுப் பாருங்கள். கால் இழுத்துக்கும் என்று பயமுறுத்தினால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ரிப்போர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. ரீஃபண்ட் கேட்டதும் முதலில் மறைந்தது என் எம்ஆர்ஐ ஃபிலிமும் சிடியும்தான். “ஸ்டோர்ல இருக்கு, நாளைக்கு வாங்க.” பாக்கி சிட்டிங்குகளுக்காவது பணம் கேட்டதற்குப் படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். எழுத்தில் கேட்டேன், பதில் இல்லை. நுகர்வோர் புகாரும், மாத்திரை பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தனிப் புகாரும் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் உதவியது நான் தூக்கிப்போடாமல் வைத்திருந்த மிச்ச மாத்திரையும், பணம் கட்டிய ரசீதும், ‘கேரண்டி’ என்று அவர்கள் அனுப்பிய மெசேஜும்தான். ஸ்கேன் படத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், போனில் படம் எடுத்துக்கொள்ள விடுங்கள், அசல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயரில்லாத டப்பா இருந்து, வாரக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பதறிப்போய் இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ரத்த அழுத்தம் விழும், வாந்தி, மயக்கம், உயிருக்கே வினையாகலாம். டப்பாவோடு ஒரு பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி நிபுணரையோ தாமதிக்காமல் பாருங்கள். அவர்கள் அளவு தெரிந்த மருந்துக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். எனக்கு அது இன்னும் முடியவில்லை. அதுவரை காய்ச்சல் வந்தாலோ, எங்கேயாவது பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனாலோ, ‘ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தேன்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். அதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.