மீட்டிங் குறிப்புக்கு எது: கார்னெல் பக்கமா, புல்லட் ஜர்னலா?

லேப்டாப்பில் அடித்தால் வேகம், மறுப்பதற்கில்லை. ஆனால் வேகம் கையில் இருந்தால் காதில் விழுவதையெல்லாம் அப்படியே அடிக்கத் தோன்றும், பேனா பிடித்தவருக்கோ எதை எழுதுவது எதை விடுவது என்று அந்த இடத்திலேயே யோசித்தாக வேண்டும். 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு கையெழுத்துக்குச் சாதகமாக வந்தது. 2019இல் வேறு சிலர் அதைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை, அதனால் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

சரி, நோட்டுதான் என்றால் எந்த முறை?

புல்லட் ஜர்னல் என்பது எல்லாவற்றையும் ஒற்றை வரிகளாகக் குறித்துக்கொள்ளும் முறை, 2013இல் வடிவமைப்பாளர் ரைடர் கேரல் வெளியிட்டது. வேலைக்குப் புள்ளி, நிகழ்வுக்கு வட்டம், குறிப்புக்குச் சிறு கோடு, முடிந்த புள்ளி மேல் பெருக்கல் குறி, முடியாததை அடுத்த மாதத்துக்கு மாற்றி எழுத வேண்டும். நாள் முழுக்கச் சில்லறை வேலைகள் வந்து விழுகிறவர்களுக்கு இது அருமையான முறை. ஆனால் ஒரு மணி நேர மீட்டிங்கில் யார் என்ன ஒப்புக்கொண்டார், ஏன் ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் அந்த ஒற்றை வரிகளுக்குள் அடங்காது.

அதற்குக் கார்னெல்தான். 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் மாணவர்களுக்காக வகுத்தது என்றாலும் அலுவலகத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பக்கத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வலப்பக்க அகலப் பத்தியில் "பம்ப் டெலிவரி 2 வாரம் தள்ளும்" என்று எழுதுகிறீர்கள். இடப்பக்க ஒடுங்கிய பத்தியில் "ஏன்? புதுத் தேதி எழுத்தில் வருமா? அபராதம் உண்டா?" என்று கேள்விகள், மீட்டிங் நடக்கும்போதே எழுதினால் எழுந்து போவதற்கு முன் கேட்டும் விடலாம். அடியில் இரண்டு அங்குலம் சுருக்கத்துக்கு. பலரும் காலியாக விடுவது இந்த இடத்தைத்தான், எனக்கோ இதுதான் முக்கியம்: "டெலிவரி தள்ளினால் நிறுவும் வேலையும் தள்ளும், வெள்ளிக்குள் வெண்டரிடம் புதுத் தேதி வாங்க வேண்டும்" என்று சூடு ஆறுவதற்குள் எழுதிவிட்டால் எல்லோருக்கும் அனுப்ப வேண்டிய மெயில் பாதி தயார்.

புல்லட் ஜர்னலிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்குங்கள்: பக்க எண்ணும் முதல் பக்கத்துப் பொருளடக்கமும். அது இல்லாத கார்னெல் நோட்டில் மூன்று மாதத்துக்கு முந்தைய பேச்சைத் தேடுவது பெரும்பாடு.

உதிரித் தாள்கள் பக்கமே போகாதீர்கள். தேவைப்படுகிற அன்றைக்கு அந்தத் தாள் கிடைக்காது.